மூணிரட்டி

எனக்கு வேதியியல் வராது என்பதை ஒரு காலத்தில் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன். சிலர் பாகற்காய் தொடமாட்டேன் என்பார்களே, அந்த மாதிரி. பிறகு அதே வாக்கியத்தை அழுதுகொண்டு சொல்ல வேண்டி வந்தது.

நான் விளவங்கோடு பக்கத்துப் பெண். தமிழ் மீடியம். பிளஸ் டூவில் எல்லாப் பாடமும் தேறிவிட்டேன். ஆனால் அதற்கு முந்தின வருடம் எழுதிய பிளஸ் ஒன் வேதியியல் மட்டும் அரியராக நின்றுவிட்டது. இரண்டு வருடமும் தேறினால்தான் சான்றிதழுக்கு மதிப்பு. ஒரு பேப்பர் நின்றால் மற்றதெல்லாம் இருந்தும் இல்லாத கணக்கு. எழுதித் தொலைத்துவிடலாம் என்று இருந்தபோது கல்யாணம் வந்தது. எல்லை தாண்டி, கேரளத்தில் பாறசாலையிலிருந்து குளத்தூர் போகிற வழியில் ஒரு வீட்டுக்கு மருமகளாக வந்தேன். எல்லை தாண்டி என்றால் ஏதோ கடல் தாண்டினது போலத் தோன்றும். களியக்காவிளையில் பஸ் ஏறி, கண்டக்டர் சில்லறை தருவதற்குள் மாநிலம் மாறிவிடும், அவ்வளவுதான்.

வந்த இடத்தில், ஜங்ஷனில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் வேலை கிடைத்தது. முன்னால் உட்கார்ந்து வருகிறவர்களின் பெயர் எழுத வேண்டும், குப்பியில் சீட்டு ஒட்ட வேண்டும், ரிசல்ட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். எனக்கு என் வேலையைவிட உள்ளே நடக்கிற வேலை பிடித்துப்போனது. கூட்டம் இல்லாத நேரத்தில் உள்ளே போய், கண்ணாடிக் குழாயில் ரத்தம் இரண்டாகப் பிரிந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். லேப் நடத்துகிற அம்மா அதைக் கவனித்திருக்கிறார். ஒருநாள் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“மோளே, இனி படிச்ச ஆளைத்தான் இஞ்ச வைக்க முடியும். நீ லேப் டெக்னீஷியன் டிப்ளமோவுக்குச் சேந்தா, படிக்கியதுக்க இடையில இஞ்சயே நிக்கலாம். இல்லெங்கில் நான் வேற ஆளு பாக்கணும். மனசிலாச்சா?”

மனசிலாகாமல் என்ன? டிப்ளமோ கல்லூரியில் பிளஸ் ஒன்னும் பிளஸ் டூவும் தேறிய சான்றிதழ் இல்லாமல் வாசலைக்கூட மிதிக்க முடியாது. வரப்போகிற துணைத்தேர்வில் வேதியியல் தேறினால் எனக்கு ஒரு தொழில் உண்டு. தோற்றால் இருக்கிற வேலையும் போகும். அன்று வீட்டுக்கு வந்ததும் பெட்டியின் அடியில் கிடந்த பழைய வேதியியல் புத்தகத்தைத் தேடி எடுத்தேன்.

சொல்லித்தர வீட்டிலேயே ஆள் இருந்தது. சிக்கலே அதுதான்.

என் கணவரின் தங்கை எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியும் பி.எட்டும் முடித்தவள். வயதில் என்னைவிட மூத்தவள். ஆனால் நான் அண்ணன் பெண்டாட்டி ஆயிற்றே, முறைக்கு அவள் என்னை மைனி என்றுதான் கூப்பிட வேண்டும். கூப்பிடுவாள், கஷாயம் குடிக்கிற முகத்தோடு கூப்பிடுவாள். நான் அவளை என்னவென்று கூப்பிடுவது? பேர் சொல்ல வயது விடவில்லை. அக்கா என்று சொல்ல முறை விடவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து “இஞ்ச பாருங்க” என்றே ஓட்டிக்கொண்டிருந்தேன். “இஞ்ச பாருங்க, சாயா ஆச்சு.” “இஞ்ச பாருங்க, உங்களுக்கு போன்.” இப்படி எத்தனை வருடம் ஒருத்தியைக் கூப்பிடாமலே கூப்பிட முடியும் என்பதற்கு நான்தான் சாட்சி.

அந்த வருடம் அவள் நிலைமையும் சரியில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் கெஸ்ட் டீச்சராகப் போய்க்கொண்டிருந்தாள். பள்ளி திறந்தபோது அவளை மறுபடி கூப்பிடவில்லை. அன்றிலிருந்து அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறேன் என்று அறைக்குள் இருப்பாள். வெளியே வந்தால் யார் மேலாவது எரிந்து விழுவாள். அவளிடம் போய்ப் புத்தகத்தை நீட்டச் சொல்லி என் கணவர் என்னைத் தள்ளிவிட்டார். அவர் கடைகளுக்கும் வீடுகளுக்கும் கேமரா மாட்டுகிற தொழில் செய்கிறவர். ஏணியில் ஏறிவிட்டால் பயம் கிடையாது, தங்கை முன்னால் மட்டும் பயம்.

“இஞ்ச பாருங்க, இது எனக்கு சொல்லித் தருவீங்களா?” என்று நீட்டினேன்.

அவள் வாங்கினாள். ஒரு பக்கம் புரட்டினாள், இன்னொரு பக்கம் புரட்டினாள். பிறகு அந்த வீட்டில் நான் பார்த்திராத ஒரு காரியம் செய்தாள். சிரித்தாள்.

“மைனி, இதில எனக்கு ஒரு அட்சரம் வாசிக்கத் தெரியாது.”

உண்மைதான், எனக்கு உறைக்கவே இல்லை. அந்த வீட்டில் எல்லோரும் பேசுவது தமிழ். ஆலயத்தில் பாடுவதும் தமிழ்ப் பாட்டு. ஆனால் அவள் படித்ததெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை கையில் பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அத்தனை சரணத்தையும் மனப்பாடமாகப் பாடுவாள். புத்தகம் தலைகீழாக இருந்தாலும் பாடுவாள்.

“பின்ன என்ன செய்யியது?” என்றேன்.

“நீங்க வாசியுங்க. நான் கேக்கேன்.”

அப்படித்தான் எங்கள் வகுப்பு தொடங்கியது. லேபிலிருந்து வந்து குளித்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்காருவேன். நான் தமிழில் உரக்க வாசிப்பேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். ஒரு வார்த்தையை இரண்டு மூன்று தடவை சொல்லச் சொல்வாள், உள்ளே எதையோ புரட்டித் தேடுவாள், பிறகு கண்ணைத் திறந்து மலையாளத்திலோ இங்கிலீஷிலோ அதன் பேரைச் சொல்வாள்.

“வினைக்கட்டுப்பாட்டுக் காரணி,” என்று வாசித்தேன் ஒருநாள்.

“எனக்க தள்ளே! அதாரு? போலீஸ்காரனா?”

விளக்கத்தை வாசித்துக் காட்டினேன். சேருகிற இரண்டு பொருளில் எது முதலில் தீர்ந்துபோகிறதோ அதுதான் விளையும் அளவை நிச்சயிக்கும் என்று இருந்தது.

“ஓ, லிமிட்டிங் ரீயேஜென்ட் ஆக்கும்! அதை இப்படி பேடிப்பிக்கிய மாதிரியா எழுதி வைப்பாங்க?” பேடி என்றால் பயம்.

எனக்கும் பழி தீர்க்க சந்தர்ப்பம் வந்தது. ‘நிறை’ என்று நான் வாசித்ததும் அவள், “என்னது நிறையணும், குடமா?” என்றாள். எத்தனை கிராம் என்று சொல்வோமே அது, என்றேன். “ஓ, பிண்டம்!” என்றாள். மலையாளப் புத்தகத்தில் அதற்கு அதுதான் பேராம். பக்கத்து வீட்டில் வாவு என்கிற அமாவாசை நாளில் செத்தவர்களுக்கு உருட்டி வைக்கிற சோற்றைத்தான் நான் பிண்டம் என்று கேட்டிருக்கிறேன். “கர்த்தாவே, ஹைட்ரஜனுக்க பிண்டமா! யாரு செத்தா?” என்று கேட்டேன். அவள் மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள்.

மோல் என்பது தமிழ்ப் புத்தகத்தில் மோல். அவள் வாயில் அது மோள். மலையாளத்தில் அப்படித்தான் எழுதுவார்கள், மகளைச் சொல்லுகிற அதே எழுத்து. “ரெண்டு மோள் ஹைட்ரஜன், ஒரு மோள் ஆக்சிஜன். சேந்தா ரெண்டு மோள் வெள்ளம்,” என்று அவள் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அடுக்களையிலிருந்து மாமி, அதாவது என் மாமியார், கரண்டியோடு வெளியே வந்து, “ஆருக்கு ரெண்டு மோளு? எந்த வீட்டில?” என்று கேட்டார். நாங்கள் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து சிரித்தோம். “எனக்குக் கேக்காண்டாம்னா சொல்லாண்டாம்,” என்று கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த மோள் எனக்குள் இறங்கியது அவள் சொன்ன ஒரு பேச்சில்தான். “ஒரு டசன் கோழிமுட்டை. ஒரு டசன் சக்கை. எண்ணம் ஒண்ணுதான?” என்றாள். ஒன்றுதான் என்றேன். “எடை?” சக்கைக்கு ஆள் வைத்துத் தூக்க வேண்டும் என்றேன். “அதாக்கும் மோளு. எண்ணம் எல்லாத்துக்கும் ஒண்ணு, எடை ஒவ்வொண்ணுக்கு ஒவ்வொண்ணு. ஹைட்ரஜன் ஒரு மோளு ரெண்டு கிராம். நைட்ரஜன் ஒரு மோளு இருபத்தெட்டு கிராம். எண்ணத்தை நம்மளால எண்ண முடியாது, அதனால நிறுத்துப் பாத்து எண்ணுதோம்.” பள்ளிக்கூடத்தில் என் தலைக்கு மேலே பறந்துபோன விஷயம், பலாப்பழத்தோடு வந்து மடியில் விழுந்தது. அன்றைக்கு எனக்கு அவள் மேல் வந்த பிரியத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரு முட்டை அதிகம் பொரித்து அவள் தட்டில் வைத்தேன்.

ஆனால் சமன்பாட்டுக் கணக்கு தொடங்கியதும் எல்லாம் கெட்டது.

நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா. சமன் செய்து எழுதினால், ஒரு மோல் நைட்ரஜனுக்கு மூன்று மோல் ஹைட்ரஜன், விளைவது இரண்டு மோல் அம்மோனியா. சமன் செய்வதில் எனக்குக் குழப்பம் இல்லை. இடது பக்கம் எத்தனை அணுவோ வலது பக்கமும் அத்தனை, அதை அவள் நன்றாகவே சொல்லித் தந்திருந்தாள். கணக்கு போடும்போதுதான் தப்பு வந்தது. இருபத்தெட்டு கிராம் நைட்ரஜனுக்கு எவ்வளவு ஹைட்ரஜன் வேண்டும் என்று கேட்டாள். பன்னிரண்டு கிராம் என்று எழுதினேன்.

“தப்பு. நைட்ரஜனுக்க மூணிரட்டி மோள் ஹைட்ரஜன். எழுதுங்க.”

எழுதினேன். மறுபடி பன்னிரண்டு.

“மைனி, கூட்டிப் பாருங்க. இந்தப் பக்கம் இருபத்தெட்டும் பன்னிரெண்டும், நாப்பது. அந்தப் பக்கம் அம்மோனியா முப்பத்திநாலு. மிச்சம் ஆறு கிராமை பூனையா தின்னுச்சு?”

பூனை தின்றதோ நாய் தின்றதோ, எனக்குத் தெரியவில்லை. அவள் சொன்னதைத்தான் எழுதுகிறேன், தப்பு என்கிறாள். அடுத்த கணக்கு சரியாக வரும். தண்ணீர் கணக்கில் “ஆக்சிஜனுக்க இரட்டி ஹைட்ரஜன்” என்பாள், சரியாகப் போடுவேன், “கொள்ளாம்” என்பாள். அதற்கடுத்து அடுப்பு வாயு எரிகிற கணக்கு. “புரொப்பேனுக்க அஞ்சிரட்டி ஆக்சிஜன்” என்பாள். மறுபடி தப்பு. நாள் போகப் போக, எது சரியாக வரும் எது தப்பாக வரும் என்று எனக்கே தெரியாமல் போனது. தேர்வு பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

அவளுக்கும் பொறுமை போனது. ஒரு சாயங்காலம் என் விடைத்தாளைத் தள்ளிவிட்டு, “இது ஒம்பதாம் கிளாஸ் பிள்ளை செய்யும் மைனி!” என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். “அப்பம் ஒம்பதாம் கிளாஸ் பிள்ளைக்கே போய் சொல்லிக்குடு எட்டி! எனக்கு எதுக்கு சொல்லித் தாறே?” என்று கத்திவிட்டேன்.

எட்டி. அதைத் தோழியைக் கூப்பிடலாம், தங்கையைக் கூப்பிடலாம். வயதில் மூத்த நாத்தனாரைக் கூப்பிடக் கூடாது. வாய் தவறி வந்துவிட்டது. அவள் என்னையே பார்த்தாள். “என்ன சொன்னீங்க?” என்றாள். “எட்டின்னு சொன்னேன்,” என்றேன், கோபம் இன்னும் அடங்காமல். “ம்,” என்று எழுந்து அறைக்குள் போனாள். கதவைச் சாத்திய சத்தம் மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகு வகுப்பு இல்லை. புத்தகத்தை அலமாரி மேலே எறிந்தேன். லேபில் என் நாற்காலியில் வேறு ஒரு பெண் உட்கார்ந்திருப்பது போல மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கணவரிடம், எனக்கு மண்டையில் ஒன்றும் கிடையாது, இனி நான் பரீட்சைக்குப் போகவில்லை என்று அழுதேன். அவளிடம் கொஞ்சம் பேசிப் பாருங்கள் என்றும் சொன்னேன். “நான் கேமரா மாட்டியவன் ஆக்கும். உங்க ரெண்டு பேருக்க இடையில போய் மாட்டிக்க எனக்கு வயசாகல்ல,” என்று நழுவிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். சபையிலிருந்து ஆட்கள் வருவார்கள், ஜெபம் முடிந்ததும் பலகாரம் கொடுக்க வேண்டும். மாமிக்கு சர்க்கரை உண்டு என்று அவள் கோதம்பு நுறுக்கு வாங்கி வைத்திருந்தாள். நம்மூரில் கோதுமைக் குருணை என்போம். அதில் உப்புமாவு கிண்ட வேண்டியது நான். வெள்ளை ரவையில் கண்ணைக் கட்டிக்கொண்டு கிண்டுவேன். இது என் பிறந்த வீட்டில் இல்லாத சாமான். எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று எனக்குத் தெரியாது. வேறு வழியில்லாமல் அவளிடம் கேட்டேன். நாற்காலி விரித்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

“கோதம்புக்க மூணிரட்டி வெள்ளம் ஒழிச்சா மதி.”

ஒழிக்கியது என்றால் ஊற்றுவது, மதி என்றால் போதும். ஊற்றினேன். கோதம்பு ஒரு பாத்திரம், தண்ணீர் ஆறு பாத்திரம். ஊற்றும்போது இது என்ன இவ்வளவு தாகமான தானியம் என்று தோன்றத்தான் செய்தது. ஆனால் சொன்னது அவள் ஆயிற்றே, அளவில் ஒரு கிராம் பிசகமாட்டாளே என்று மூடி வைத்தேன்.

முன்னறையில் பாட்டு முடிந்து, ஊழியக்காரர் ஜெபம் தொடங்கியிருந்தார். அவள் பரிமாறத் தட்டு எடுக்க அடுக்களைக்கு வந்தாள். மூடியைத் திறந்தாள். உள்ளே உப்புமாவு இல்லை. கடுகும் கறிவேப்பிலையும் மிதக்கிற கஞ்சி இருந்தது.

“மைனி, இது என்னது?” என்று குசுகுசுத்தாள். “எத்தனை வெள்ளம் ஒழிச்சீங்க?”

“நீங்க சொன்னதுதான். மூணிரட்டி.”

“மூணிரட்டின்னா?”

“ஆறு.”

“ஆறா? மூணிரட்டின்னா மூணு!”

“அதெப்படி மூணு? இரட்டின்னா ரெண்டு மடங்கு. மூணு இரட்டி ஆறு. சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.”

அவள் கையிலிருந்த மூடியைக் கீழே வைத்தாள். என் முகத்தையே பார்த்தாள். மலையாளத்தில் எண்ணுக்குப் பின்னால் இரட்டி வந்தால் வெறும் மடங்கு என்றுதான் பொருள். மூணிரட்டி மூன்று மடங்கு, அஞ்சிரட்டி ஐந்து மடங்கு. தனியாக இரட்டி என்று சொன்னால் மட்டும் தமிழைப் போலவே இரண்டு மடங்கு. அதனால்தான் தண்ணீர் கணக்கு சரியாக வந்தது, அம்மோனியா கணக்கு சதி செய்தது. போதாக்குறைக்கு சமன்பாட்டில் ஹைட்ரஜன் முன்னால் ஒரு மூன்று, காலடியில் ஒரு இரண்டு. மூவிரண்டு ஆறு என்று நானும் நன்றாகத் திருப்திப்பட்டிருந்தேன். நாள் முழுக்க இரண்டு பாஷையையும் கலந்து பேசுகிற வீடுதான். ஆனால் அங்கே யாரும் யாரிடமும் எதையும் மூன்று மடங்கு என்று சொல்ல வேண்டிய தேவை வந்ததே இல்லை.

“ஹைட்ரஜன்!” என்று அவள் கத்தினாள்.

முன்னறையில் ஜெபம் நின்றது. பிறகு மாமியின் குரல், “ஆமென்” என்றது. ஊழியக்காரர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

நாங்கள் இருவரும் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை, எனக்குக் கண்ணீராகக் கொட்டியது. நான் மண்டூகம் இல்லை! கேட்டதைச் சரியாகத்தான் கேட்டேன், கணக்கைச் சரியாகத்தான் போட்டேன். அந்த விடுதலையை எப்படிச் சொல்வேன்! அவள் தன் துப்பட்டாவால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

“நான் மடங்குன்னு சொல்லியிருக்கலாம்லா மைனி! அந்த வாக்கு எங்களுக்கும் உண்டு. எனக்கு நாக்கில வரல்ல,” என்றாள்.

“மன்னிச்சிருங்க, அன்னைக்கு எட்டின்னு சொல்லிட்டேன்,” என்றேன்.

“எட்டின்னே விளியுங்க. இஞ்ச பாருங்க, இஞ்ச பாருங்கன்னு கேட்டு எனக்கு மதியாச்சு.”

கஞ்சியை டம்ளரில் ஊற்றிக் கரண்டி போட்டுக் கொடுத்தோம். கொள்ளாமே, புது மாதிரி உண்டே என்று சிலர் இரண்டாம் டம்ளர் வாங்கிக் குடித்தார்கள். ஊழியக்காரர் மட்டும் போகும்போது, ஹைட்ரஜன் யார், நோயாளியா, ஜெபத்தில் சேர்த்துக்கொள்ளவா என்று மாமியிடம் கேட்டாராம்.

அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து இரட்டி என்ற சொல் வெளியே வந்தால் நான் மேசையைத் தட்டுவேன். “மடங்கு, மடங்கு,” என்று நாக்கைக் கடித்துக்கொள்வாள். பழைய கணக்கையெல்லாம் முதலிலிருந்து போட்டோம். இருபத்தெட்டு கிராம் நைட்ரஜன், ஆறு கிராம் ஹைட்ரஜன், முப்பத்திநாலு கிராம் அம்மோனியா. இடமும் வலமும் சரி நிற்கிறபோது வருகிற சுகம் இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஒரு சாமான், ஒரு துளியும் காணாமல் போகாமல், பேர் மாறி அந்தப் பக்கம் வந்து நிற்கிறது. இத்தனை அழகான பாடத்தையா நான் பாகற்காய் என்று ஒதுக்கி வைத்திருந்தேன் என்று இருந்தது.

தேர்வு மையம் மார்த்தாண்டத்தில். அவளே ஸ்கூட்டரில் கொண்டு விட்டாள். திரும்பிப் போ என்று சொன்னேன், போகவில்லை. தேர்வு முடிந்து வெளியே வந்தபோது, வெயிலில் முகம் சிவந்துபோய்க் கேட்டுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். எப்படி எழுதினீங்க என்று கேட்கவில்லை. “வாசியுங்க,” என்றாள். ரோட்டோரம் நின்று வினாத்தாளை உரக்க வாசித்தேன். கால்சியம் கார்பனேட்டைச் சூடாக்கினால் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்ற கணக்கு வந்ததும் கண்ணை மூடினாள். ஐம்பது கிராம் என்று நான் வாசித்து முடிக்கவும், “இருபத்திரெண்டு,” என்றாள். “இருபத்திரெண்டு,” என்றேன் நானும். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

ரிசல்ட் வந்த அன்று என் தேர்வு எண்ணை இரண்டு தடவை தப்பாக அடித்தேன். அவள்தான் போனை வாங்கி அடித்தாள். திரையைப் பார்த்தாள். போனை என் கையில் திணித்துவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே போனாள். எனக்கு உயிரே போயிற்று. போச்சு, வேலையும் போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே திரையைப் பார்த்தேன். பாஸ். ரொம்ப ஒன்றும் இல்லை, கரையேறுகிற அளவுக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் பாஸ்! என் கணவர் போட்ட கூச்சலில் மாமி பயந்து எழுந்து வந்தார்.

அவளைத் தேடிப் பின்னால் போனேன். துணி துவைக்கிற அலக்குக் கல் பக்கம் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

“எட்டி, பாஸானது நானாக்கும். நீ எதுக்கு கரையுதே?”

மூக்கை உறிஞ்சினாள். “மைனி, ஸ்கூல்ல இனி வராண்டாம்னு சொன்னாங்கல்லா, அப்பம் எனக்கு படிப்பிக்க வராதுன்னே நான் நினைச்சேன். ஆரும் அப்படி சொல்லல்ல. நான்தான் உள்ளுக்குள்ள சொல்லிட்டு கிடந்தேன். நீங்க ஹைட்ரஜனை தப்புத் தப்பா போட்டப்போ எனக்கு அது உறுதியாச்சு. ஒரு ஆளுக்கு, வீட்டில இரிக்கிய ஒரு ஆளுக்குக்கூட சொல்லிக்குடுக்கத் தெரியல்லன்னு.”

நான் என் பயத்தை மட்டும்தான் அத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கமும் ஒருத்தி பயந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவளைக் கட்டிப்பிடித்து, “நீ இல்லெங்கில் நான் இந்த ஜென்மத்தில தேறியிருக்க மாட்டேன் மக்கா. சத்தியமா சொல்லுதேன்,” என்றேன். “சும்மா கிடங்க,” என்றாள், அழுதுகொண்டே.

டிப்ளமோவுக்குச் சேர நெய்யாற்றின்கரைப் பக்கம் அந்தக் கல்லூரிக்கு நாங்கள் இரண்டு பேரும்தான் போனோம். ஆபீஸில் இருந்தவர் என் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்து, எல்லாம் சரி என்று முத்திரை குத்தினார். பிறகு என் பின்னால் நின்றவளைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“கூட வந்தது ஆரு? சேச்சியா?”

அவள் நாத்தூன் என்று சொல்ல வாயெடுத்தாள். நாத்தனார் என்பதற்கு அங்கே அதுதான் வார்த்தை. நான் முந்திக்கொண்டேன்.

“எனக்க டீச்சர் ஆக்கும்,” என்றேன். “கெமிஸ்ட்ரி டீச்சர்.”

அவர் நாற்காலியிலிருந்து லேசாக எழுந்து, “இரியுங்க டீச்சரே,” என்று எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டினார். அவள் உட்கார்ந்தாள். திரும்பும்போது ஸ்கூட்டரில் பாதி தூரம் வந்திருப்போம்.

“மைனி,” என்றாள், திரும்பாமல்.

“என்னட்டி?”

“அங்க அவர்கிட்ட சொன்னீங்கல்லா. அதை இன்னொரு தடவ சொல்லுங்க.”

வண்டிச் சத்தத்தில் கேட்க வேண்டுமே என்று உரக்கச் சொன்னேன்.